மீண்டும் அங்கவடியில் கால்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு நான் போனது மாடு பார்க்க. நண்பர் ஒருவர் காங்கேயம் காளை வாங்குவதாக இருந்தார். பல் பார்த்து வயது சொல்ல ஒரு கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று என்னைக் கையோடு அழைத்துப் போனார். மாட்டு வரிசையைத் தாண்டியதும் குதிரைகளைக் கட்டியிருந்தார்கள். காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிகள், கத்தியவாரிகள். கூட்டத்துக்கு நடுவே மேளத்துக்குக் கால் மாற்றி ஆடும் நாட்டியக் குதிரை ஒன்று. ஒரு வெள்ளைக் குதிரையின் நெற்றியில் சுழி சரியாக இருக்கிறதா என்று இருவர் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

நான் அந்த வாதத்தைக் கேட்கவில்லை. வாசனை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. காய்ந்த புல், வேர்வையில் ஊறிய தோல், குதிரை மூத்திரம் மூன்றும் கலந்த வாசனை. வேறு எந்த மிருகத்திடமும் அது கிடையாது. ஓரமாகக் கட்டியிருந்த ஒரு பழுப்புக் குதிரை என் உள்ளங்கையில் மூக்கை வைத்து மூச்சு விட்டது. கடைசியாக நான் குதிரை ஏறியது 1995-இல். அன்றைக்கு அந்தியூரில் நின்றபோது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. நண்பர் காளைக்கு விலை பேசி முடித்து வந்து என் தோளைத் தட்டும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.

படித்த காலத்தில் என்.சி.சி.யின் குதிரைப் பிரிவில் இருந்தேன். காலை ஐந்து மணிக்கு லாயத்தில் நிற்க வேண்டும். முதலில் சாணம் அள்ளுவது, பிறகு தண்ணீர் காட்டுவது, பிறகு உடம்பு தேய்ப்பது. தேய்த்து முடித்த தோலில் வெள்ளைத் துணியை ஓட்டிப் பார்ப்பார் தஃபேதார். துணியில் அழுக்கு ஏறினால் மறுபடி தேய்க்க வேண்டும். அவர் ராஜஸ்தான்காரர். எங்களில் பாதிப் பேருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் 'ஏடி நீச்சே' என்றால் குதிகாலைத் தாழ்த்த வேண்டும் என்பது ஒரே வாரத்தில் எங்கள் எலும்புக்குள் போய்விட்டது.

தரையிலிருந்து ஒரே எம்பில் ஏற வேண்டும். ஏறியதும் முழங்காலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கால் நுழைக்கும் அங்கவடிகளை எடுத்துச் சேணத்தின் குறுக்கே போட்டுவிட்டு ட்ராட் என்னும் துள்ளோட்டம் ஓட வேண்டும். தொடையின் உள்பக்கம் தோல் உரிந்து, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு குப்புறப் படுப்போம். அப்படியும் மறுநாள் ஐந்து மணிக்குப் போய் நிற்போம். ஓட்டம் முடிந்து வரிசையில் நிற்கும்போது கடைசியாக ஒரு கட்டளை வரும்: 'மேக் மச் ஆஃப் யுவர் ஹார்ஸஸ்'. குதிரையைப் பாராட்டுங்கள் என்று பொருள். இருபது பேரும் ஒரே நேரத்தில் வலது கையால் குதிரையின் கழுத்தில் பட்பட்டென்று தட்டுவோம். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

எனக்குக் கிடைத்த குதிரையின் பெயர் பாதல். சாம்பல் நிறம், உயரம் அதிகம், பொறுமை அதைவிட அதிகம். மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் அது என்னைக் கீழே தள்ளியது. ஒரு ஜனவரிக் காலை, ட்ராட் தொடங்கிய இரண்டாவது சுற்றில் முதுகை வில்லாக வளைத்துப் பின்னங்கால்களை உதறியது. மணலில் விழுந்தேன். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து, கையில் இருந்த குச்சியால் அதன் விலாவில் இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி ஏறினேன். பாதல் அதன் பிறகு ஒரு தடவைகூட உதறவில்லை. சொன்னபடி கேட்டது. மணி அடிக்கும்வரை ஓடியது.

சேணத்தைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். சேணத்துக்கு அடியில் விரிக்கும் நம்தா ஓரிடத்தில் மடிந்திருந்தது. அந்த மடிப்பு பட்ட இடத்தில், முதுகெலும்புக்குப் பக்கத்தில், ஒரு விரல் நீளத்துக்கு வீங்கித் தடித்திருந்தது. அன்று நம்தாவை விரித்துச் சேணம் கட்டியது நான்தான். யாரிடமும் சொல்லவில்லை. குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

படிப்பு முடிந்து நாமக்கல்லில் கோழிப்பண்ணை வேலை. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கொட்டகையில் பல்லாயிரம் முட்டைக் கோழிகள், தீவனக் கணக்கு, தடுப்பூசிக் கணக்கு. நல்ல தொழில், குடும்பத்தைக் காப்பாற்றியது. ஆனால் தனி ஒரு உயிரின் முகத்தைப் பார்த்து அதற்கு என்ன வேண்டும் என்று யோசிக்கும் பழக்கம் அந்த 27 ஆண்டுகளில் என்னைவிட்டுப் போயிருந்தது.

அந்தியூரிலிருந்து திரும்பிய அடுத்த மாதம் கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு சவாரிப் பயிற்சி மைதானத்தில் போய் நின்றேன். பயிற்சியாளருக்கு 26 வயது. என் மகளைவிட இரண்டு வயது மூத்தவர். முன்பு சவாரி செய்திருக்கிறேன், என்.சி.சி., சான்றிதழ் எல்லாம் உண்டு என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எடை மேடையைக் காட்டினார். 62 கிலோவாக இருந்த நான் 86 கிலோ ஆகியிருந்தேன்.

"டாக்டர் சார், நீங்க ஏறப்போற குதிரை துளசி 450 கிலோ. நீங்களும் சேணமும் சேர்ந்து 90-ஐத் தாண்டக் கூடாது. சேணமே எட்டு கிலோ வருது. அஞ்சு கிலோ குறைச்சுட்டு ஏறுங்க. அதுவரைக்கும் கீழே நின்னு கத்துக்கலாம், நிறைய இருக்கு."

குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது இன்று பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அன்று எங்களை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. இருபது வயதில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை. அந்தப் பெண் சொன்னதில் நியாயம் இருந்தது. ஐந்து கிலோ குறைய மூன்று மாதம் ஆயிற்று.

அந்த மூன்று மாதமும் நான் தரையில்தான் இருந்தேன். இன்று திரும்பிப் பார்த்தால், சவாரி என்று நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டதில் முக்கால் பங்கு அந்த மூன்று மாதத்தில் கற்றதுதான். துளசி பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற செம்பழுப்புப் பெண் குதிரை. 14 வயது. அவள் அறைக்குள் போகும்போது எந்தப் பக்கத்திலிருந்து போவது, எங்கே நிற்பது என்பதிலிருந்து பாடம் தொடங்கியது. குதிரைக்குக் கண்கள் முகத்தின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றுவட்டம் முழுவதும் தெரியும். வால் பக்கம் நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. இதை நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். ஆனால் அன்று பாதலின் நெற்றிக்கு நேராகக் கையை நீட்டித்தான் மூன்று ஆண்டுகள் கொஞ்சினேன். அது ஒவ்வொரு முறையும் தலையை லேசாக உயர்த்திப் பின்வாங்கும். திமிர் என்று நினைத்தேன். என் கை அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பாராட்டும் முறையும் மாறியிருந்தது. முதல் வாரம் துளசி சொன்ன இடத்தில் நின்றபோது பழைய வழக்கப்படி கழுத்தில் பட்பட்டென்று தட்டினேன். லாயத்துப் பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். பழனி அடிவாரத்தில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

"ஏனுங் டாக்டரு, அடிக்கறீங்களா, மெச்சறீங்களான்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். என் கையைப் பிடித்து, பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் வைத்து, விரல்களை மடக்கிச் சொறியச் சொன்னார்.

சொறிந்தேன். முதலில் ஒன்றுமில்லை. அரை நிமிடம் போனதும் துளசியின் கழுத்து மெல்லத் தாழ்ந்தது. கண் பாதி மூடியது. பிறகு மேலுதடு தானாக நீண்டு, நுனி துடித்து, காற்றில் எதையோ தேடுவதுபோல அசைந்தது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. பிரான்சின் கமார்க் குதிரைகளை ஆராய்ந்தவர்கள், அந்த இடத்தைச் சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை 1993-இல் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். நான் லாயத்தில் இருந்த அதே காலம். பழனிப் பெரியவர் அதை எந்த ஆய்விலும் படித்தவரல்ல. இருபது பேர் ஒரே நேரத்தில் கழுத்தில் தட்டிய அந்தச் சத்தம் குதிரைகளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

81 கிலோவில் ஏறினேன். தரையிலிருந்து எம்பவில்லை. இரண்டு படி வைத்த மரமேடை மேல் நின்று ஏறினேன். கீழிருந்து எம்பும்போது ஏறுகிறவனின் முழு எடையும் சேணத்தை ஒரு பக்கமாக இழுத்து முதுகை முறுக்கும். மேடை வயதானவர்களுக்காக வைத்தது என்று நினைத்திருந்தேன். இருபது வயதுப் பிள்ளைகளும் அதில் ஏறித்தான் சவாரி செய்கிறார்கள்.

மனம் அத்தனையும் நினைவு வைத்திருந்தது. உடம்புதான் மறந்திருந்தது. ட்ராட் என்பது குறுக்குமறுக்காக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழும் இரண்டு தாள ஓட்டம். ஒரு தாளத்துக்கு எழுந்து மறு தாளத்துக்கு உட்கார வேண்டும். வட்டத்தில் ஓடும்போது வெளிப்பக்கத் தோள் முன்னால் போகும் கணத்தில் எழ வேண்டும். தலையில் இது தெளிவாக ஓடுகிறது. இடுப்பு அரைத் தாளம் பிந்தி வருகிறது. பழைய பாடப்படி முழங்காலை இறுக்கினேன். இறுக்க இறுக்க நான் சேணத்திலிருந்து மேலே பிதுங்கினேன்.

"முழங்காலை விடுங்க சார். தொடையைத் தொங்க விடுங்க. பிடிச்சு உட்கார வேண்டாம், உட்கார்ந்தாப் போதும்" என்றார் பயிற்சியாளர். இதைத்தான் நான் நம்ப மறுத்தேன். அவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலைப் பற்றிச் சொன்னார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர், குதிரைமேல் ஏறவும் இறங்கவும் ஆள் உதவி வேண்டும். 1952-இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், டிரெஸ்ஸாஜ் என்னும் குதிரை நடை நேர்த்திப் போட்டியில் பெண்களை முதன்முதலாக அனுமதித்த அந்த ஆண்டிலேயே, வெள்ளி வென்றார். போலியோவுக்குப் பிறகு பழைய கால் பலம் அவருக்கு இருந்ததில்லை.

இருபது வயதில் இல்லாத இன்னொன்று இப்போது என்னோடு ஏறி உட்கார்ந்திருந்தது. பயம். விழுந்தால் என்ன ஆகும் என்பது இடுப்பு எலும்பு முறிந்த என் அம்மாவைப் பார்த்துக்கொண்ட எனக்குத் தெரியும். பயம் முதலில் கைக்கு வருகிறது. விரல்கள் கடிவாள வாரை இறுக்குகின்றன. வாரின் மறுமுனையில் இருப்பது குதிரையின் வாய். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத ஒரு வெற்றிடம் உண்டு. இரும்பு அங்கேதான் கிடக்கிறது. மெல்லிய தோல், அதற்கடியில் நேராகத் தாடை எலும்பு. அந்த இடத்துக்கு லத்தீன் வழிப் பெயர் சொல்லி நான் தேர்வில் தேறினேன். என் பயம் முழுவதும் போய் இறங்குகிற இடம் அதுதான் என்பது ஐம்பது வயதில்தான் உறைத்தது. பயம் வரும்போது மூச்சை வெளியே விடு, விரலைத் திற, முன்வாரைப் பிடித்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். துளசியின் கழுத்தில் அதற்கென்றே ஒரு தோல் வார் கட்டியிருந்தார்கள். அன்று அப்படி ஒன்றைப் பிடித்திருந்தால் கோழை என்றிருப்போம். இன்று அதைப் பிடிப்பது குதிரையின் வாயைக் காப்பாற்றும் மரியாதை.

தீனியும் மாறியிருக்கிறது. அன்று லாயத்தில் வேகவைத்த கொள்ளும் தவிடும் நேரத்துக்கு நேரம். நடுவே வயிறு காலி. குதிரையின் இரைப்பை சிறியது, தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், வாந்தி எடுக்கவும் அதால் முடியாது. நாளில் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்கும்படி அமைந்த வயிறு அது. இன்று நல்ல லாயங்களில் சிறு கண்ணி வலைப்பையில் காய்ந்த புல்லை அடைத்துத் தொங்கவிடுகிறார்கள். பகலும் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தின்கின்றன. நல்ல லாயங்களில் என்று எழுதினேன். எல்லா இடத்திலும் இல்லை.

தலைக்கவசமும் அப்படியே. அன்று நாங்கள் மாட்டிக்கொண்டது அழகுக்கான தொப்பி. இன்று தாடையைச் சுற்றி வார் பூட்டாமல் மைதானத்துக்குள் விடுவதில்லை. ஒரு முறை தலை அடிபட்டுவிட்டால், கீறல் இல்லாவிட்டாலும் அந்தக் கவசத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். உயரத் தொப்பியே மரபாக இருந்த சர்வதேச டிரெஸ்ஸாஜ் போட்டிகளில்கூட 2021 முதல் கவசம் கட்டாயம்.

அதே 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்ததைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நவீன ஐவகைப் போட்டியில் ஒரு குதிரை ஓட மறுத்தது. மேலே வீராங்கனை அழுதுகொண்டே குச்சியால் அடித்தார். வேலிக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர் கையால் குத்தினார். அந்தப் போட்டியில் வீரர்கள் முன்பின் அறியாத குதிரையைக் குலுக்கலில் பெற்று, சில நிமிடப் பழக்கத்தில் தடை தாண்ட வேண்டும். 1912 முதல் இருந்த அந்தச் சவாரிப் பிரிவையே 2024 பாரிஸுக்குப் பிறகு நீக்கிவிட்டார்கள். சரியான முடிவு என்பேன். முப்பது ஆண்டுக்கு முன்னால் அதே காட்சியைப் பார்த்திருந்தால் நானும் குதிரையைத்தான் குறை சொல்லியிருப்பேன்.

அன்று நாங்கள் இருபது பேரும் ஆண்கள். எங்கள் ஊர்ப்பக்கம் குதிரை ஏறுகிறவன் என்றால் ராணுவம், போலீஸ், பந்தயம், வண்டி இந்த நான்கில் ஒன்று. இன்று என்னோடு சனிக்கிழமை காலையில் வட்டம் வருகிற ஒன்பது பேரில் ஆறு பேர் பெண் பிள்ளைகள். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றபோது எங்கள் பயிற்சி மைதானமே கொண்டாடியது. 1982 டெல்லிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியா கண்ட முதல் தங்கம். நால்வர் அணியில் இருவர் பெண்கள், திவ்யகிருதி சிங்கும் சுதிப்தி ஹஜேலாவும். ஆனால் அன்று என்.சி.சி.யில் ஒரு பைசா செலவில்லாமல் கற்றேன். இன்று மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரால் கட்ட முடிகிறது. லாயத்துப் பெரியவரின் பேத்திக்குக் குதிரை என்றால் உயிர். அவளுக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். வாரம் ஒரு நாள் ஏற்றுகிறார்கள்.

வயது பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சுவைச் சொல்வேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் சவாரி செய்தவர், 2008 பெய்ஜிங்கில் 67 வயதில் மறுபடி ஒலிம்பிக் மைதானத்துக்குள் நுழைந்தார். 2012 லண்டனில் அவருக்கு 71. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடுவே அவர் வேலைக்குப் போனார், குதிரையை விடவில்லை. விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பாதை வேறு. எனக்கு ட்ராட் தாளம் திரும்ப எட்டு மாதம் பிடித்தது. பாய்ச்சல் ஓட்டத்துக்கு ஒன்றேகால் ஆண்டு. தடை தாண்டுவதை இனி நான் தொடப்போவதில்லை. அதில் வருத்தமும் இல்லை.

என் கவலை வேறு இடத்தில். துளசியைப் போன்ற பந்தயக் குதிரைகள் இரண்டு வயதில் ஓடத் தொடங்குகின்றன. பலவற்றுக்கு ஐந்தாறு வயதுக்குள் பந்தயம் முடிந்துவிடும். குதிரையின் ஆயுள் 25 முதல் 30 ஆண்டு. மீதி வாழ்க்கை யார் கையில்? 2024 ஜூனில் ஊட்டிப் பந்தய மைதான நிலத்தை அரசு மீட்டது. செப்டம்பரில் கிண்டி மைதானத்தின் குத்தகையையும் ரத்து செய்தது. நிலம் பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பந்தயம் குறையும் காலத்தில் குதிரைகள் எங்கே போகின்றன என்று கணக்கு வைக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பயிற்சி மைதானத்துக்கு வந்தவை பாக்கியசாலிகள். சில கடற்கரைக்கும் சுற்றுலா ஊர்களுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் போகின்றன. சில எங்கே போயின என்றே தெரிவதில்லை.

இது நமக்குப் புதிய பழியும் அல்ல. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்குவதையும், பேணத் தெரிந்தவர்கள் இல்லாததால் அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். மறுபக்கம், ஐயனாருக்கு ஊர் எல்லையில் மண் குதிரை செய்து வைத்துக் கும்பிட்ட நாடும் இதுதான்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் நம்தாவை நானே விரிக்கிறேன். பிடரிப் பக்கமாகச் சற்று முன்னால் வைத்து, மயிரின் போக்கிலேயே பின்னால் இழுத்து, உள்ளங்கையை அடியில் விட்டு முதுகெலும்பின் இரு பக்கமும் தடவிப் பார்ப்பேன். ஒரு மடிப்பு, ஒரு புல் துணுக்கு இருந்தாலும் கழற்றி மறுபடி விரிப்பேன். பயிற்சியாளர் அவசரப்படுத்துவதில்லை. பாதல் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மெரினாவிலோ உங்கள் குழந்தையைக் குதிரைமேல் ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். குதிரைக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "அண்ணே, சேணத்தைக் கொஞ்சம் தூக்கி முதுகைக் காட்டுங்க." புண்ணோ தடிப்போ இருந்தால் ஏற்றாதீர்கள். காசைக் கொடுத்துவிட்டு, இன்று இதற்கு ஓய்வு கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.